பலகை பதில் சொல்லும், கேள்வி யாருடையது?

டிஜிட்டல் லேபில் சர்க்யூட் வேலை செய்யவில்லையென்றால் ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகுவோம். சிப் விஷயத்தில் அது நடக்காது. ஃபேக்டரிக்குப் போய்விட்டால் தப்பும் சேர்ந்தே அச்சாகிவிடும். அதனால்தான் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து பார்க்கிறார்கள்.

ஆனால் அது ஆமை வேகம். வினாடிக்கு 1,000 கிளாக் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒரே வினாடியில் செய்யும் வேலையைப் பார்த்து முடிக்க ஏறக்குறைய 17 மணி நேரம்!

இதற்கு வழி திறந்தது 1985. அந்த ஆண்டு சைலிங்ஸ் கம்பெனி எக்ஸ்.சி. 2064 என்ற சிப்பை வெளியிட்டது. உள்ளே 64 லாஜிக் பிளாக்குகள்; வேண்டியபடி இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். இதுதான் முதல் எஃப்.பி.ஜி.ஏ. பின்னர் குவிக்டர்ன் என்ற அமெரிக்க நிறுவனம் இத்தகைய சிப்களைப் பலகை பலகையாக அடுக்கி 'எமுலேட்டர்' செய்தது. 1993-ல் வெளிவந்த இன்டெல் பென்டியம், சிலிக்கானாக மாறும் முன்பே அந்தப் பலகைகளில் ஓடிப் பார்த்த பிராசசர்.

அப்படியானால் தப்பே வந்திருக்கக் கூடாதே என்கிறீர்களா? வந்தது. 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பென்டியத்தின் வகுத்தலில் பிழையைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டும், வந்ததோ 1.3337. வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன, அவ்வளவுதான். இன்டெல்லுக்குச் செலவு 47.5 கோடி டாலர்.

பலகை தானாகத் தப்பைத் தேடாது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்விகளை அனுப்புவது அதோடு இணைந்த கம்ப்யூட்டர். ஒவ்வொரு கிளாக்குக்கும் சிக்னல்களை அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டிருந்தால், லெவல் கிராசிங் தோறும் நிற்கும் எக்ஸ்பிரஸ் கதைதான். பலகையின் வேகமெல்லாம் வீண். பல கிளாக்குகளுக்கு வேண்டியதை ஒரே செய்தியாகக் கட்டி அனுப்பினால் நிற்க வேண்டியதில்லை. இதற்கான எஸ்.சி.இ.-எம்.ஐ. என்ற பொது விதிமுறையை ஆக்செலரா அமைப்பு 2003-ல் வெளியிட்டது.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசரின் டிசைன் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, சிறிய எஃப்.பி.ஜி.ஏ. போர்டிலேயே ஏற்றி ஓட்டலாம். ஓடியதும் கைதட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எந்தக் கணக்கை இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பம்.