தரங்கம்பாடிக் கடற்கரையின் பழந்தடங்கள்

கடலலைகள் திருமுன்னே வந்து வணங்கக் கோயில் கொண்டருளும் பெருமான் தரங்கம்பாடி மாசிலாமணிநாதர். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், கி.பி. 1306ஆம் ஆண்டளவில் எழுந்தது இத்திருக்கோயில். 'அலை பாடும் ஊர்' என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவது செவிக்கு இனிதே. ஆயினும் கல்வெட்டுக் காட்டும் பழம்பெயர் சடங்கன்பாடி என்பதாம்; மன்னன் பெயரால் குலசேகரன்பட்டினம் எனவும் அது வழங்கிற்று. கோயிலின் முற்பகுதியைக் காலப்போக்கில் கடல் கொண்டது. தூணும் சுவருமாக நின்ற கற்கள் அலைவாய்ப்பட்டுக் கிடந்ததைக் கண்டு கலங்காத அடியார் இலர்.

இவ்வாறு கடல் முன்னேறியது இந்த ஓர் ஊரில் மட்டும் நிகழ்ந்ததன்று. இதன் வடக்கே, காவிரி கடலொடு கலக்கும் பூம்புகார் வரையுள்ள கரை முழுவதும் அதே கதையைச் சொல்கிறது. அதனை அறிதற்கு அங்குக் கிடைத்த பழம்பொருள்களே சான்று.

1962–63இல் இந்தியத் தொல்லியல் துறையினர் பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது, பெருஞ்செங்கற்களால் ஆகிய மேடையொன்று வெளிப்பட்டது. அதனருகே மரக்கம்பங்கள் நட்டபடியே மண்ணுள் நின்றன. படகுகளைக் கட்டுதற்கு அமைத்த கம்பங்கள் அவை என்றும், அம்மேடை படகுத்துறை என்றும் ஆய்வாளர் முடிவு செய்தனர். கரிமக் கணிப்பு அம்மரத்தின் காலத்தைக் கிறித்துவுக்கு முன் 3, 4ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிக் காட்டியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தான்மீது பாடிய பட்டினப்பாலையில், உப்பை விற்று அதற்கு மாறாக நெல்லேற்றி வந்த படகுகளைக் கழிக்கரைத் தறிகளில் வரிசையாகப் பிணித்திருந்த காட்சி வருகிறது. புலவர் கண்ட தறியும் அகழ்வார் கண்ட கம்பமும் ஒன்றேயென்று துணிதல் மிகையாகும். எனினும் நெய்தலின் உப்பும் மருதத்தின் நெல்லும் ஒரு கழியோரத்தில் கைமாறிய வாழ்க்கையை அம்மரத்துண்டுகள் நம் கண்முன் கொணர்கின்றன அன்றோ!

காவிரியின் தென்பால் உள்ள வானகிரியில் கிடைத்தது உழவர்க்கு இன்னும் நெருக்கமானது. ஆற்றுநீரைக் கால்வழி உள்ளே கொணர்ந்து தேக்கிவைக்கச் செங்கல்லால் கட்டிய நீர்த்தேக்கம் அது. கிறித்து ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் அமைந்ததென்பர். கல்லணை கட்டிய நாட்டில் கடைமடையிலும் நீர்ப்பணி சிறந்திருந்தமை இதனால் விளங்கும். இப்பகுதியில் மணிகளும், புலிப்பொறி தாங்கிய சதுரச் செப்புக்காசும், சுடுமண் பாண்டங்களும் கிடைத்துள்ளன.

இவை அனைத்தினும் நெஞ்சைத் தொடுவன உறைகிணறுகளே. மணற்பாங்கான நிலத்தில் குழி தோண்டினால் மணல் சரிந்து தூர்த்துவிடும். ஆகலின் குயவர் சூளையில் சுட்ட வட்டவடிவ உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு இறக்கினர். கடற்கரை மணலில் மழைநீர் உவர்நீரினும் இலேசாக இருத்தலால் மேலே தங்கும். ஆழம் மிகாமல் தோண்டினால் நன்னீர் கிடைக்கும். இந்நுட்பத்தை அறிந்த மக்கள் அவர்கள். பட்டினப்பாலையும் புகாரின் புறச்சேரியைப் பாடுங்கால் உறைகிணற்றைக் குறிப்பிடுகின்றது. அத்தகைய கிணறுகளைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் வானகிரிக் கரையில், அலை ஏறி இறங்கும் இடத்திலேயே கண்டனர். உவர்நீருக்குள் எவரும் குடிநீர்க் கிணறு தோண்டார். அது தோண்டப்பெற்ற நாளில் அலை அதற்கு அப்பால் நெடுந்தொலைவில் இருந்திருத்தல் வேண்டும். (பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் கிடக்கும் ஒன்றை வைத்துப் பதினோராயிரம் ஆண்டுக் கணக்குச் சொல்வாரும் உளர். அது மனிதர் கட்டியதா என்பதே உறுதிப்படாதபோது, பெருமை தேடி அதன்பின் ஓடுவானேன்? சிறு கிணறு போதுமே.)

நன்னீர்க் கிணறு அலையில் நிற்கிறது. படகு வந்த துறையோ நீரோட்டமற்ற நிலத்தில் புதைந்து கிடந்தது. கடல் ஏற, ஆறு சுருங்கியதே இதற்குக் காரணம். காவிரியின் பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் கொண்டுபோகிறது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் கீழே வரும் வண்டல் மேலும் குறைந்தது. அகண்ட காவிரி எனத் திருச்சிக்கு மேற்கே பரந்தோடும் ஆறு, பூம்புகாரில் வாய்க்கால் அளவினதாய்க் கடலைச் சேர்கிறது. மணல் கொணரும் ஆறு தளர்ந்தால் கரைக்குக் காப்பு ஏது?

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் இங்குக் கோட்டை கட்டினர்; 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். அக்கோட்டைக்கு அயலிலேயே நம் பெருமான் திருக்கோயில். டேனியர் வருமுன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழிபாடு பெற்றது அது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை மோதியதை அன்பர்கள் மறந்திரார்.

திருப்பணி செய்யும் செல்வர்க்கு இவ்விடத்து ஒரு வேண்டுகோள் பொருந்தும். சரிந்த கல்லை ஒதுக்குமுன்பும், புதிய கற்களைப் பரப்புமுன்பும், அதில் எழுத்துண்டா எனப் பார்த்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும். குலசேகரன்பட்டினம் என்ற பெயரை நமக்கு அளித்தது அத்தகைய எழுத்துடைக் கல்லே. கீழையூர்த் துறை நிலத்தில் கிடந்ததால் அகழ்ந்து காக்க முடிந்தது. வானகிரிக் கிணறுகளோ, அலை தாழ்ந்து மணல் அரிபட்ட நாட்களிலேயே வெளிப்பட்டன.