தற்காப்பு வகுப்பும் போட்டிக் களமும்: கொங்கு வட்டாரத்தில் பெண்கள் கராத்தே

கொங்கு வட்டாரத்தில் மகளைக் கராத்தேயில் சேர்க்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “தனியாப் போய் வர்ற புள்ள, தைரியமா இருக்கட்டும்.” கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என எங்கும் வகுப்புகளை நிரப்பியது இந்த எண்ணமே. தைரியம் வந்துவிட்டது என்று பெற்றோருக்குத் தோன்றும் நாளில் வகுப்பும் நின்றுவிடுகிறது. பெண்களைக் கராத்தேக்கு அழைத்துவந்த தற்காப்பு என்ற காரணமே அவர்களைப் போட்டியாளர்களாக நிலைக்கவிடாமலும் செய்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

போட்டிக் களமும் பெண்களுக்குத் தாமதமாகத்தான் திறந்தது. ஒகினாவாவில் இட்டோசு ஆங்கோ 1901-ஐ ஒட்டிப் பள்ளிப் பாடமாகக் கொண்டுவந்த கலையை, 1922-இல் டோக்கியோவில் செய்துகாட்டிப் பரப்பியவர் ஃபுனகோஷி கிச்சின். தனியாக நின்று செய்துகாட்டும் அசைவு வரிசையான கட்டாவைத் தம் மனைவியும் பயின்றதை அவர் தம் வாழ்க்கை நினைவுகளில் பதிவுசெய்திருக்கிறார். ஆக, வீட்டுக்குள் பெண்கள் பயிலத் தடையில்லை. ஆனால் 1970-இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டி நடந்தபோது பெண்களுக்கு ஒரு பிரிவுகூட இல்லை. 1980-இல் மாட்ரிட்டில் பெண்கள் கட்டா சேர்ந்தது. எதிராளியோடு மோதும் குமித்தே 1982-இல் தைப்பேயில்தான் கிடைத்தது. தனியாக நின்று அசைவுகளைச் செய்துகாட்ட முதலில் அனுமதி, மோதுவதற்கு அதன் பிறகே அனுமதி என்ற இந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. 2010-களின் தொடக்கத்து விதிகளில்கூட சீனியர் பிரிவில் ஆண்களின் சுற்று 3 நிமிடம், பெண்களுடையது 2 நிமிடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இருவருக்கும் 3 நிமிடம் ஆகியிருந்தது.

எடைப் பிரிவுகளின் வரலாறு நம் பெண்களுக்கு இன்னும் நெருக்கமானது. முன்பு பெண்களுக்கு 53 கிலோவுக்குள், 60 கிலோவுக்குள், 60-க்கு மேல் என்று மூன்றே பிரிவுகள். நம் ஊர்ச் சிறுவயதுப் பெண்கள் பலருக்கு 48 கிலோ இருந்தாலே பெரிது; ஐந்து கிலோ கூடுதலான எதிராளியோடு அவர்கள் நிற்க வேண்டியிருந்தது. 50, 55, 61, 68, 68-க்கு மேல் என்ற இன்றைய ஐந்து பிரிவுகள் வந்த பிறகே சிற்றுடல்காரிகளுக்கு நியாயமான களம் அமைந்தது. ஒலிம்பிக் அதையும் சுருக்கியது. டோக்கியோவில் 55, 61, 61-க்கு மேல் என்று மூன்றே பிரிவுகள். 2018-இல் 50 கிலோ பிரிவில் உலகச் சாம்பியனான ஜப்பானின் மியாஹரா மிஹோ, சொந்த நாட்டில் 55 கிலோவில் இறங்கிப் பதக்கமின்றித் திரும்பினார். அதே 50 கிலோவிலிருந்து வந்த ஆஸ்திரியாவின் பெட்டினா பிளாங்க் வெண்கலம் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சுற்று எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் தற்காப்புக்கும் போட்டிக்கும் உள்ள இடைவெளி புரியும். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் மேட். ஒருத்திக்குச் சிவப்புப் பெல்ட், மற்றவளுக்கு நீலம். குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்கு உயரும் உதைக்கும் கீழே விழுந்தவள்மீது முறையாக இறக்கும் குத்துக்கும் மூன்று. எட்டுப் புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். எதிராளி புள்ளி எடுக்குமுன் முதல் புள்ளியைத் தனித்து எடுத்தவளுக்கு ‘சென்ஷு’ என்ற முன்னுரிமை உண்டு. சமநிலையில் முடிந்தால் வெற்றி அவளுக்கு. முகத்துக்குப் போகும் குத்து, தோலைத் தொடும் அளவில் நின்றாக வேண்டும். பலமாகப் பட்டால் தண்டனை குத்தியவளுக்குத்தான். ஓங்கி அடி, ஓடிவிடு என்பது தற்காப்பு வகுப்பின் பாடம். முழு வேகத்தில் போன கையைக் கடைசி அங்குலத்தில் நிறுத்துவது போட்டியின் பாடம். இரண்டாவது பாடத்துக்கு ஆண்டுகள் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் 1970-களில் புரூஸ் லீ படங்களோடு எழுந்த அலையில் கராத்தே பரவியது. ‘கராத்தே’ என்பதே அடைமொழியாகி மணி, தியாகராஜன் போன்ற ஆண்களின் பெயருக்கு முன் நின்றது. பெண் ஒருவரின் பெயருக்கு முன் அப்படி நிலைத்ததாக நான் அறியவில்லை. கோவையில் கூடைப்பந்துக்கு ஆலை முதலாளிகள் தொடங்கிய கல்வி நிறுவனங்களின் ஆதரவு இருந்தது, பி.எஸ்.ஜி. கோப்பைக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வருகின்றன. கராத்தேக்கு அத்தகைய புரவலர் அமையவில்லை. மொட்டை மாடி, கல்யாண மண்டபம், பள்ளி மைதானத்தின் ஓரம் என்று மாஸ்டர்களே இடம் பிடித்து, மாதக் கட்டணத்திலும் பெல்ட் டெஸ்டிலும் அதை வளர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் இல்லையென்றால் எதுவுமே இருந்திருக்காது. ஆனாலும் இந்த அமைப்பில் ஒரு பெண்ணின் வளர்ச்சி பெல்ட்டின் நிறத்தால்தான் அளக்கப்பட்டது. பிளாக் பெல்ட் வாங்கியதும் படிப்பு முடிந்ததுபோல் ஆயிற்று. அந்த வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வும் வந்து நிற்கும்.

அரசும் தற்காப்பு என்ற வாசலையே அகலப்படுத்தியது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. கராத்தே கற்றுத்தரப்படும் கலைகளில் ஒன்று. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று மாதத்தில் சரியாக நிற்கக் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த நிலைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். மத்தியப் பிரதேசம் போபாலில் அரசே கராத்தே அகாடமி நடத்தியது. கராத்தே வீராங்கனை சுப்ரியா ஜாதவ் சர்வதேச அரங்குக்குச் சென்றது அங்கிருந்துதான்.

நம் மாநிலத்திலேயே பக்கத்து விளையாட்டில் சான்று இருக்கிறது. பவானி தேவி 2004-இல் சென்னைப் பள்ளியொன்றில் வாள்வீச்சைத் தொடங்கினார். தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையம், பிறகு இத்தாலியின் லிவோர்னோ என்று அவருக்குப் படிகள் இருந்தன. டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியரானார். முதல் சுற்றில் துனிசியாவின் நாதியா பென் அசீசியை 15-3 என்று வென்றார். வாள்வீச்சு ஒலிம்பிக்கில் நிலையாக இருக்கும் விளையாட்டு. கராத்தேக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் கராத்தே 2021 ஆகஸ்டில் நிப்பான் புடோகானில் எட்டுப் பிரிவுகளில் நடந்தது. இந்தியர் எவரும் இல்லை. பாரிஸ் 2024-இல் கராத்தே கைவிடப்பட்டது. இதனிடையே 2020-இல் இந்தியக் கராத்தே சங்கம் உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தை இழந்தது. சங்கச் சண்டையில் ஓர் ஆண்டு போனால், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த வயது திரும்ப வராது.

கொங்குச் சமூகம் பெண்ணின் உடலைப் பொதுவெளியில் ஏற்காது என்று சொல்லி, பெண்கள் போட்டியில் நிலைக்காததை விளக்கிவிடவும் முடியாது. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்தின் பத்திரப்பன்; 2024-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இன்று கோயில் விழாக்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். கற்றுத்தர ஆளும், ஆடிக்காட்ட மேடையும், பார்க்க ஊரும் ஒன்றுகூடியபோது தயக்கம் கரைந்தது.

கராத்தேயில் வயது பெரிய தடையல்ல. ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் 39 வயதில் கட்டாவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். படிப்பும் தடையல்ல. 61 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தங்கம் வென்ற எகிப்தின் ஃபெர்யால் அப்தெல்அசீஸ் மருந்தியல் படித்தவர். இவ்விரு பெயர்களையும் பத்தாம் வகுப்பு மாணவியரின் பெற்றோரிடம் கோவை மாஸ்டர்கள் சொல்லவேண்டும். 1994 ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்த கராத்தே, 2026 ஐச்சி–நகோயாவின் பட்டியலிலும் இருக்கிறது. மாவட்டம், மாநிலம், தேசியம், ஆசியா என்ற அந்தப் பாதை இன்றும் திறந்தே கிடக்கிறது. 50 கிலோப் பிரிவும் அதில் உண்டு.