கேட்காமல் ஓடும் அப்டேட்: யார் போட்ட ஒப்பந்தம் இது?

இன்னைக்கு எபிசோடுல ராஜாவும் கிடையாது, போரும் கிடையாது. உங்க கம்ப்யூட்டருக்குள்ள நீங்க கேட்காமலே ஓடுற ஒரு வேலையோட வரலாறு.

எங்க ஊர் திருச்செந்தூர். கோயில் கூட்டத்தைத் தாண்டி கடைத்தெருப் பக்கம் வந்தீங்கன்னா, ஜெராக்ஸும் ஆன்லைன் சர்வீஸும் சேர்ந்த சின்னச் சின்னக் கடைகள் இருக்கும். ரயில் டிக்கெட், லாட்ஜ் புக்கிங், பத்திரப்பதிவு, பென்ஷன், எல்லாம் அங்கதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அந்தக் கடைகள்ல நிக்கிறது பூரா பசங்க. 2018ல இருந்து தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போயிடுச்சு. எந்தக் காலேஜ், எந்தப் பிரிவுன்னு வரிசைப்படுத்திக் கொடுக்க ஒரு கடைசி நேரம் உண்டு. அந்த நேரத்துல ஸ்கிரீன் நீலமாகி, வட்டம் சுத்தினா எப்படி இருக்கும்?

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?"

"இரு தம்பி, என்னமோ அப்டேட் ஆவுது. அணைச்சிராத, பாழாப் போயிரும். முப்பது பர்சென்ட்ல அரை மணி நேரமா நிக்கி."

இந்த உரையாடல் நடக்காத கடை எங்க ஊர்ல இருக்கும்னு எனக்குத் தோணலை. இது மெஷினோட கோளாறுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா இது ஒரு முடிவு. சில பேர் உட்கார்ந்து, காரணத்தோட எடுத்த முடிவு. அந்தக் காரணம் சரியானதுதான். அதுக்கான செலவு யார் தலையில விழுந்ததுங்கிறதுலதான் எனக்குத் தகராறு.

விண்டோஸ் 98 வந்தப்போ அப்டேட்ங்கிறது ஒரு வெப்சைட், அவ்வளவுதான். நீங்களா போகணும், நீங்களா எடுக்கணும். 2000ல வந்த விண்டோஸ் மில்லேனியம் எடிஷன்ல தானா நடக்கிற வசதி வந்தது. 2001ல எக்ஸ்பி வந்தப்போ அதோட 'பிட்ஸ்'னு ஒரு சர்வீஸும் வந்தது. நீங்க லைனைப் பயன்படுத்தாத இடைவெளியில மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஃபைலை இறக்கும், மின்சாரம் போனா விட்ட இடத்துல இருந்து தொடரும். கெட்டிக்கார யோசனை. ஆனா அது ஆரம்பத்துல பார்த்தது தன்னோட ஒரு கம்ப்யூட்டரை மட்டும். ஒரே டயல்-அப் லைன்ல நாலு மெஷின் ஓடுற பிரௌசிங் சென்டர்ல, பக்கத்து சீட்டுக்காரர் மெயில் திறக்க முடியாம தவிக்கிறது அதுக்குத் தெரியாது.

அப்பவும் இது கட்டாயம் இல்லை. பெரும்பாலானவங்க அப்டேட் பக்கமே போகலை. அதுக்கு விலை 2003ல வந்தது.

அந்த வருஷம் ஜூலை 16ஆம் தேதி விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11ஆம் தேதி அதே ஓட்டை வழியா 'பிளாஸ்டர்'ங்கிற வார்ம் கிளம்பிச்சு. நீங்க எதையும் கிளிக் பண்ண வேண்டாம், இன்டர்நெட்டோட இணைஞ்சிருந்தாலே போதும். ஸ்கிரீன்ல 60 விநாடி கவுன்ட்-டவுன் ஓடும், கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி இணைச்சா மறுபடி கவுன்ட்-டவுன். அந்த வார்ம் ஆகஸ்ட் 16ஆம் தேதி தாக்கறதுக்குக் குறிவச்ச இடம் எது தெரியுமா? விண்டோஸ் அப்டேட்டோட ஒரு இணைய முகவரி. மருந்துக் கடைக்கே தீ வைக்கிற வேலை. மைக்ரோசாஃப்ட் அந்த முகவரியையே எடுத்துட்டுத் தப்பிச்சது.

இங்க கவனிக்க வேண்டியது, மருந்து 26 நாள் முன்னாடியே தயாரா இருந்தது. யாரும் எடுத்துக்கலை, அவ்வளவுதான்.

அந்த அக்டோபர்ல இருந்து மாசத்தோட இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளியிடுற வழக்கம் ஆரம்பிச்சது. நம்ம கணக்குல அது ராத்திரி, புதன்கிழமை காலையில நம்ம மெஷின் மெதுவாகும். 2004 ஆகஸ்ட்ல எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக். அதுல தானியங்கி அப்டேட்டை ஆன் பண்ணச் சொல்லி வற்புறுத்தினாங்க. ஒப்பந்தம் இதுதான்: உன்னைக் கேட்டுட்டு இருந்தா ஊரே பத்திக்கும், அதனால இனி கேட்க மாட்டேன்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். அந்த சர்வீஸ் பேக்கோட முழு அளவு சுமார் 266 எம்பி. 56 கேபிபிஎஸ் டயல்-அப்ல, லைன் ஒரு தடவை கூட விடாம ஓடினாலும், பத்து மணி நேரத்துக்கு மேல ஆகும். நிமிஷத்துக்குக் காசு கட்டுற லைன். கம்ப்யூட்டர் பத்திரிகையோட வர்ற சிடியை வாங்கி, ஒருத்தர் கிட்ட இருந்து ஒருத்தர் கை மாத்தி இன்ஸ்டால் பண்ணின காலம் அது. திருட்டு எக்ஸ்பி வச்சிருந்தவங்க இன்னொரு பக்கம். அப்டேட் பண்ணினா 'இது அசல் இல்லை'ன்னு செய்தி வரும், 2008க்குப் பிறகு வால்பேப்பரே கறுப்பாகும். அந்த பயத்துல அப்டேட்டையே அணைச்சு வச்ச பழக்கம் இங்கதான் வேர் விட்டது.

சரி, ஏன் ரீஸ்டார்ட் கேட்குது? திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையை மீட்டர் கேஜ்ல இருந்து பிராட் கேஜா மாத்தினாங்க இல்லையா, ரயில் ஓடிட்டு இருக்கும்போது தண்டவாளத்தைப் பெயர்க்க முடியுமா? விண்டோஸ்ல பயன்பாட்டில் இருக்கிற சிஸ்டம் ஃபைலை மாத்தறது பொதுவா நடக்காது. எல்லாத்தையும் நிறுத்தி, மாத்தி, மறுபடி கிளப்பணும். லினக்ஸ்ல பழைய ஃபைல் ஓடிட்டு இருக்கும்போதே புதுசை அதே பேர்ல வைக்கலாம். கெர்னல் மாதிரி அடிப்படை விஷயங்களுக்குத்தான் ரீஸ்டார்ட் வேணும்.

இந்த வித்தியாசம் தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான வீடுகளுக்குள்ள போச்சு. 2011 செப்டம்பர்ல இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினப்போ, அதுல விண்டோஸோட சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேட்கும். பெரும்பாலான பசங்க விண்டோஸைத்தான் தொட்டாங்க. அந்த லேப்டாப் வந்த வீட்டுல பிராட்பேண்ட் இருக்காது, யுஎஸ்பி டாங்கிள்தான் இருக்கும். ஜியோ வர்றதுக்கு முன்னாடி 1 ஜிபி 3ஜி பேக் 250 ரூபாய் பக்கம். 2015ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 7, 8 வச்சிருந்த கம்ப்யூட்டர்கள்ல விண்டோஸ் 10ஐக் கேட்காமலே சில ஜிபி அளவுக்கு இறக்கி வைக்க ஆரம்பிச்சது. ஊர்க்காட்டுல பசங்க 'நெட் தானா தீர்ந்து போகுது'ன்னு ரீசார்ஜ் கடையில சண்டை போட்டதுக்குப் பின்னாடி இப்படியும் ஒரு காரணம் இருந்தது. கலிஃபோர்னியாவுல ஒரு டிராவல் ஏஜென்சிக்காரர் இந்த அப்கிரேடால தன் கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். நம்ம ஆளுங்க கூட ஒரு ரீசார்ஜ் போட்டுக்கிட்டாங்க.

மெஷின் சூடாகி ஃபேன் கத்துறதுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2013ல எக்ஸ்பி மெஷின்கள்ல அப்டேட் தேடும்போதே பிராசஸர் 100 சதவீதத்துல நின்னது. ஒரு திருத்தத்தை இன்னொரு திருத்தம் மாத்தும், அதை இன்னொண்ணு மாத்தும். அந்தச் சங்கிலி நீள நீள, சரிபார்க்கிற வேலை பல மடங்கா பெருகுற மாதிரி நிரல் எழுதியிருந்தாங்க. பத்து வருஷத் திருத்தம் சேர்ந்ததும் மூச்சு முட்டிடுச்சு. பழைய திருத்தங்களைப் பட்டியல்ல இருந்து கழிச்சுத்தான் சரி பண்ணினாங்க.

அப்போ அணைச்சே வச்சிடலாமா? 2017 மார்ச் 14ஆம் தேதி ஒரு திருத்தம் வந்தது. மே 12ஆம் தேதி அதே ஓட்டையில 'வான்னாக்ரை' நுழைஞ்சு ஃபைல்களைப் பூட்டிட்டுப் பணம் கேட்டது. அடிபட்டது பெரும்பாலும் அப்டேட் ஆகாத விண்டோஸ் 7. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன் தள்ளிப்போச்சு. திருப்பதி தேவஸ்தானத்துல கூட சில கம்ப்யூட்டர்கள் மாட்டிச்சு. கோயில் ஊர்க்காரனா அந்தச் செய்தி எனக்கு நெருக்கமா இருந்தது. மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு நிறுவனம் தானா அனுப்பின ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வச்சது. நம்ம ஏர்போர்ட்டுல போர்டிங் பாஸ் கையால எழுதினாங்க.

அதனால ஒப்பந்தத்தை கிழிக்காதீங்க, நிபந்தனையை மாத்துங்க. மெஷின் திணறினா டாஸ்க் மேனேஜரைத் திறங்க. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' மேல நின்னா அது வைரஸ் இல்லை, இன்ஸ்டால் நடக்குது, விட்டுடுங்க. செட்டிங்ஸ்ல ஆக்டிவ் ஹவர்ஸ்னு ஒண்ணு 2016ல வந்தது. கடை திறந்திருக்கிற நேரத்தை அதுல கொடுங்க, 18 மணி நேரம் வரைக்கும் கொடுக்கலாம். அந்த நேரத்துல தானா ரீஸ்டார்ட் ஆகாது. மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டினா அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்ஷன்'னு குறிச்சு வைங்க, பெரும்பாலான டவுன்லோடு காத்திருக்கும். அப்டேட் திரும்பத் திரும்ப தோத்தா, சர்வீசஸ் பட்டியல்ல விண்டோஸ் அப்டேட்டையும் பிட்ஸையும் நிறுத்திட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரோட பேரை மாத்துங்க. இரண்டையும் மறுபடி ஓட விடுங்க. பாதியில கெட்டுப்போன டவுன்லோடு எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். 30 சதவீதத்துல நிக்கும்போது பவர் பட்டனை அழுத்துறது மட்டும் வேண்டாம். டிஸ்க் லைட் மினுக்குற வரைக்கும் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். அண்ணாச்சி சொன்னது சரி.

இன்னொரு தேதி சொல்லிட்டு முடிக்கிறேன். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்னுடுச்சு. தனியா பதிவு செஞ்சவங்களுக்கு மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. திருச்செந்தூர், உடன்குடி, காயல்பட்டினம் பக்கம் பழைய அரசு லேப்டாப் இன்னும் ஓடுற வீடுகள் இருக்கு. அதுல பலதும் விண்டோஸ் 11 ஏத்துக்காது. அந்த மெஷின்கள் இனி நேரங்கெட்ட நேரத்துல ரீஸ்டார்ட் கேட்காது, ஃபேனும் கத்தாது. உங்க வீட்டுல ஒண்ணு இருந்தா, அதுல பேங்க் வேலை பார்க்கிறதுக்கு முன்னாடி, அப்டேட் பக்கத்தைத் திறந்து கடைசியா எந்தத் தேதியில திருத்தம் வந்திருக்குன்னு பாருங்க.