பேல்காச்சியாவின் வாயில்: கால்நடை மருத்துவம் பயிலத் தகுதி என்பது எது?

பெஹாலாவில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். கால்நடை மருத்துவராவது அவள் விருப்பம். மேசை நிறைய இயற்பியல், வேதியியல், உயிரியல் வினாத்தொகுப்புகள். "மாட்டைத் தொட்டுப் பார்த்ததுண்டா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது தேர்வில் வராதே, தீதி" என்றாள். அந்த விடைக்குப் பின்னால் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது.

நவீனக் கால்நடை மருத்துவக் கல்வி கொள்ளைநோயின் நிழலில் பிறந்தது. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் பள்ளிக்கு அனுமதி கிடைத்தபோது ஐரோப்பாவின் மாட்டு மந்தைகளை வெக்கைநோய் அழித்துக்கொண்டிருந்தது. இந்தியாவில் அதே நோயை ஆராய்ந்த ஆணையம் 1871இல் தன் அறிக்கையை அளித்தது. படைக் குதிரைகளின் தேவையும் உடன் சேர்ந்துகொள்ள, லாகூரில் 1882இலும் பம்பாயில் 1886இலும் கல்லூரிகள் எழுந்தன. கல்கத்தாவின் பேல்காச்சியாவில் 1893இல் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. அப்போது அந்நகரின் டிராம்களைக் குதிரைகள்தாம் இழுத்தன. சென்னையில் 1903இல் கல்லூரி வந்தது.

இக்கல்லூரிகளுக்கு வெளியே அறிவு இல்லாமல் இல்லை. வடக்கே சாலோத்ரிகள் குதிரை மருத்துவம் பார்த்தனர். தமிழகத்தில் மாட்டுவாகடச் சுவடிகளும் அவற்றைக் கையாண்ட வைத்தியர்களும் இருந்தனர். ஆனால் புதிய வாயிலில் அந்தப் பழக்கம் தகுதியாகக் கொள்ளப்படவில்லை, பள்ளிக்கல்வியே தகுதியாயிற்று. லாகூரில் தொடக்கத்தில் உருது மொழியில் பாடம் நடந்ததை நினைத்தால், அந்த வாயிலை வேறுவிதமாகவும் அமைத்திருக்கலாம் என்பது விளங்கும்.

வாயிலைக் கடந்தவர்களுக்கும் முழு மதிப்புக் கிட்டவில்லை. பேல்காச்சியாவிலும் சென்னையிலும் பயின்றவர்கள் அக்கல்லூரிகளின் 'பட்டதாரி' என்றே அழைக்கப்பட்டனர். கையில் இருந்ததோ பட்டயம். உயர்பதவிகள் பெரும்பாலும் பிரிட்டனில் பயின்றவர்களுக்குச் சென்றன. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது; கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தது. கால்நடை மருத்துவமோ இந்தியாவில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் பட்டமாவதற்கு 1936ஆம் ஆண்டின் சென்னை வரை காத்திருந்தது. மனித மருத்துவம் கிடைக்காதவர்களின் இரண்டாம் தெரிவு என்று இன்றும் பலர் இப்படிப்பைக் கருதுவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்று பள்ளி முடித்தவுடன் ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காடு இடங்கள் நீட் மதிப்பெண்ணால் நிரம்புகின்றன. அமெரிக்காவில் இளநிலைக் கல்லூரிப் படிப்பே ஆயத்தக் காலம். விலங்குகளுடன் பணியாற்றிய மணிக்கணக்கும் விண்ணப்பத்தில் எடையிடப்படுகிறது. அது மேலானது என்று விரைந்து முடிவுகட்டுவதற்கில்லை. ஊதியமின்றி அத்தனை மணிநேரம் உழைக்க வசதி வேண்டும். அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் பெஹாலாவின் அடுக்குமாடிப் பெண் வெளியே நிற்பாள். இன்றைய விதியிலோ, மந்தையோடு வளர்ந்த பிள்ளையின் அறிவுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

இக்கல்லூரிகள் தோன்றக் காரணமான வெக்கைநோயின் முடிவு இங்கே நினைவுகொள்ளத்தக்கது. இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக 2006இலும் உலகமே விடுபட்டதாக 2011இலும் அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தில் உருவான தடுப்பூசியே அதற்கு அடிப்படை. ஆனால் எத்தியோப்பியா, தென்சூடான் ஆகியவற்றின் எட்டாத மேய்ச்சல் நிலங்களுக்கு அதைக் கொண்டுசென்று செலுத்தியவர்களுள் மேய்ப்பர் சமூகங்களிலிருந்தே பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருந்தனர். நுழைவாயில் யாரை வெளியே நிறுத்தியதோ அத்தகையவர்களின் கையும் சேர்ந்தபோதுதான் வேலை முடிந்தது.

ஆகவே கேள்வி மதிப்பெண்ணா அனுபவமா என்பதன்று. இரண்டில் ஒன்றை மட்டுமே தகுதி என்று வகுத்தவர் யார், அதனால் இழந்தது என்ன என்பதே.

தேர்வு முடிந்ததும் அவளை மெட்ரோவில் பேல்காச்சியாவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். தம் ஊர்களில் மாட்டுவாகடச் சுவடிகளையோ, பழைய கல்லூரி மாணவர் பதிவேடுகளையோ கண்ட நண்பர்கள் அவை குறித்து இங்கே எழுதுங்கள். இந்த வரலாற்றின் மறுபாதி அவற்றில்தான் இருக்கிறது.