ஒரு சொல் கிளப்பிய சண்டை: நிசேயா, 787

"கத்தோலிக்கர்கள் மாதாவையும் புனிதர்களையும் கும்பிடுறாங்களே, அப்போ அவங்களையும் கடவுளாக்கிட்டாங்களா?" இந்தக் கேள்வி புதுசு இல்லை. சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடி இதே விஷயத்துல ஐரோப்பாவே ரெண்டுபட்டது. அதுக்கு ஒரு முக்கியக் காரணம், மோசமான ஒரு மொழிபெயர்ப்பு.

முதல்ல பின்னணி. 754-ல் பைசாந்தியப் பேரரசர் கூட்டிய ஹியரியா சங்கம், திருவுருவங்களே கூடாதுன்னு தீர்மானித்தது. 787-ல் பேரரசி ஐரீன் காலத்தில் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அதை ரத்து செய்தது. அதுக்கு அவங்க ரெண்டு கிரேக்கச் சொற்களைப் பிரிச்சு வெச்சாங்க. 'லாட்ரேயா' என்றால் ஆராதனை. அது கடவுளுக்கு மட்டும். 'புரோஸ்கினேசிஸ்' என்றால் தலைவணங்கி மரியாதை செய்வது. அரசர் முன்னால குனியறதுக்கும் அதே சொல்தான். புனிதரின் உருவத்துக்கு இந்த ரெண்டாவதுதான். அந்த மரியாதையும் மரத்துக்கோ சாயத்துக்கோ இல்லை, அதில் இருக்கிறவருக்குப் போகுது.

இந்தத் தீர்மானங்கள் ரோமில் லத்தீனுக்கு மாற்றப்பட்டு ஷார்லமேன் அரசவைக்குப் போச்சு. அங்கதான் பக். 'புரோஸ்கினேசிஸ்' என்பதற்கு 'அடோராட்சியோ'ன்னு போட்டுட்டாங்க. லத்தீனில் அது ஆராதனையையும் குறிக்கும். அதைவிடப் பெரிய கொடுமை: சைப்ரஸ் ஆயர் ஒருவர் "உருவங்களுக்கு மரியாதை, ஆராதனை மூவொரு கடவுளுக்கு மட்டும்" என்ற பொருளில் பேசியிருந்தார். லத்தீனில் அது "மூவொரு கடவுளுக்குத் தரும் அதே ஆராதனை உருவங்களுக்கும்"னு தலைகீழா மாறிடுச்சு.

ஷார்லமேனின் இறையியலாளர் தியோடல்ஃப் கொதிச்சுப்போய் ஒரு முழு மறுப்பு நூலே எழுதினார். 794-ல் ஃபிராங்க்ஃபர்ட் சங்கம், நிசேயா சொல்லாத கருத்தை நிசேயாவின் கருத்தாக நினைத்துக் கண்டித்தது. திருத்தந்தை முதலாம் ஹேட்ரியன் நிசேயா பக்கமே நின்றார்.

எல்லாப் பழியையும் மொழிபெயர்ப்பு மேல போட முடியாது. படம் என்பது அலங்காரத்துக்கும் நினைவூட்டலுக்கும்தான் என்பது தியோடல்ஃபின் உண்மையான நிலைப்பாடு. சரியான பிரதி கையில கிடைச்சிருந்தாலும் அவர் வாதாடியிருப்பார். ஆனா அந்த வாதம் நிஜமான கருத்து வேறுபாட்டைப் பற்றியதா இருந்திருக்கும். 873-ல் நூலகர் அனஸ்தாசியுஸ் புது மொழிபெயர்ப்பு செய்தார்.

பிற்பாடு லத்தீன் திருச்சபை இந்தக் குழப்பத்துக்கு இடமே வேண்டாம்னு தனித்தனிச் சொற்களை நிலைநிறுத்தியது: கடவுளுக்கு 'லாட்ரியா', புனிதர்களுக்கு 'டூலியா', மரியாவுக்கு 'ஹைப்பர்டூலியா'. தமிழ்க் கத்தோலிக்கர்களும் 'ஆராதனை', 'வணக்கம்'னு பிரிச்சுத்தான் சொல்றாங்க. ஆனா நம்ம பேச்சுல சாமிக்கும் 'கும்பிடு'தான், ஊர்ப் பெரியவருக்கும் 'கும்பிடு'தான். அதனால "கும்பிடுறாங்களே"ன்னு யாராவது கேட்டா, எந்தக் கும்பிடுன்னு முதல்ல கேளுங்க.