மூன்று சிறுசொற்களின் வரலாறு

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவரைப் பெரிதும் மயங்கச் செய்யும் சொற்கள் யாவை? அகராதியில் நீண்டு நிற்கும் அருஞ்சொற்கள் அல்ல. அவற்றை ஒருமுறை நெட்டுருச் செய்துவிட்டால் பிறகு தொல்லை தாரா. ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் மூன்று சிறுசொற்களே பட்டம் பெற்றவரையும் தயங்க வைப்பவை. இவற்றை ஆங்கில இலக்கணத்தார் ஆர்ட்டிகிள் என்பர். கேட்பவர் இன்னதென்று அறியாத ஒன்றைச் சொல்லும்போது ‘எ’ அல்லது ‘ஆன்’ வரும். அவர் முன்னரே அறிந்த ஒன்றைச் சொல்லும்போது ‘தி’ வரும். இச்சொற்களின் வரலாற்றை இன்று சிறிது கூற விழைகின்றேன். ஒரு விதியின் பிறப்பை அறிந்தவருக்கு அவ்விதியிடத்து அச்சம் குறையும் அன்றோ?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அம்பாசமுத்திரத்திற்கும் தென்காசிக்கும் இடையே அமைந்த கடையம் என் ஊர். இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகின்றேன். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கடையம் என்னும் பெயருக்கு முன் ‘தி’ வரக்கூடாது என்கிறீர்கள். ஊரை ஒட்டி ஓடும் இராமநதிக்கு முன் வர வேண்டும் என்கிறீர்கள். மலைத்தொடருக்கு ‘தி’ உண்டு. தனிச் சிகரத்திற்கு இல்லை. ஊருக்கு இல்லாத பெருமை ஆற்றுக்கு எப்படி வந்தது, ஐயா?” கேள்வி நியாயமானதே. இதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. மக்கள் நாவில் நெடுங்காலம் பழகிய வழக்கு உறைந்து விதியாயிற்று, அவ்வளவே. வழக்கின் வரலாற்றை விடுத்து விதியை மட்டும் கற்பதனாலேயே அது புதிராகத் தோன்றுகிறது.

ஆர்ட்டிகிள் என்னும் பெயர் இலத்தீன் மொழியில் சிறு மூட்டு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. உடலின் எலும்புகளை மூட்டு இணைப்பதுபோல, இச்சிறுசொல் வாக்கியத்தின் உறுப்புகளை இணைக்கிறது என்று பண்டைக் கிரேக்க இலக்கணத்தார் கருதினர்; அவர்கள் இட்ட பெயரையே இலத்தீனர் மொழிபெயர்த்துக் கொண்டனர். வியப்பு என்னவெனில், பெயரை அளித்த இலத்தீன் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லை. வடமொழியில் இல்லை, உருசிய மொழியில் இன்றும் இல்லை. பண்டைக் கிரேக்கத்தில் ‘தி’ போன்றது உண்டு; ‘எ’ போன்றது இல்லை. இலத்தீனின் வழிவந்த பிரெஞ்சு, இத்தாலி, போர்த்துக்கீசு முதலிய மொழிகளோ இரண்டையும் புதிதாகப் படைத்துக்கொண்டன. எதனின்று படைத்தன? ‘அது’ என்று சுட்டும் சொல்லிலிருந்து ஒன்றையும், ‘ஒன்று’ என்னும் எண்ணிலிருந்து மற்றொன்றையும் படைத்தன.

ஆங்கிலத்தின் கதையும் அதுவே. ஆல்பிரட் அரசர் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ‘ஒன்று’ எனும் எண்ணே. காலப்போக்கில் அஃது இரண்டாகக் கிளைத்தது. அழுத்தி ஒலித்த இடத்தில் ‘வன்’ என்று இன்று ஒலிக்கும் எண்ணாயிற்று. அழுத்தமின்றி ஒலித்த இடத்தில் தேய்ந்து ‘ஆன்’ என்னும் ஆர்ட்டிகிள் ஆயிற்று. மெய்யொலிக்கு முன் இறுதி ‘ன்’னும் உதிர, ‘எ’ என நின்றது. ஆகவே, ‘எ’ வளர்ந்து ‘ஆன்’ ஆவதில்லை. ‘ஆன்’ தேய்ந்தே ‘எ’ ஆயிற்று என்பதை மாணவர் நினைவில் கொள்க.

இந்த ‘ன்’ எங்கே முடிகிறது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று ஆங்கிலேயரே மயங்கியதும் உண்டு. மேலாடையின்மேல் கட்டும் துணிக்கு முன்னாளில் ‘நேப்ரன்’ என்று பெயர். ‘எ நேப்ரன்’ என்றதை ‘ஆன் ஏப்ரன்’ எனப் பிரித்துக் கேட்டனர். துணி தன் முதலெழுத்தை இழந்தது. விரியனைக் குறிக்கும் ‘ஆடர்’ என்னும் சொல்லும் இவ்வாறே ‘நாடர்’ என்பதிலிருந்து வந்தது. எதிர்மாறாக, கூடுதற்பெயர் எனப் பொருள்பட்ட ‘ஈக்நேம்’ என்னும் சொல், முன்னின்ற ‘ஆன்’ என்பதன் ‘ன்’னைக் கவர்ந்துகொண்டு ‘நிக்நேம்’ ஆயிற்று.

இத்தகைய மயக்கத்தில் நம் நாட்டுப் பழம் ஒன்றும் அகப்பட்டது. வடமொழியில் ‘நாரங்கம்’ என வழங்கும் சொல், நம் நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல்லிலிருந்து தோன்றியிருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. மலைக்கு அப்பாலுள்ள மலையாளத்தில் எலுமிச்சையை ‘நாரங்ங’ என்பர். அச்சொல் பாரசீகம், அரபு வழியே ஐரோப்பாவை அடைந்தது. ஸ்பானிய மொழியில் அதன் முதலெழுத்து இன்றும் உண்டு. இத்தாலி, பிரெஞ்சு மொழிகளின் வழக்கிலோ முன்னின்ற ஆர்ட்டிகிளின் ‘ன்’னோடு ஒன்றி மறைந்தது. எஞ்சிய ‘ஆரஞ்சு’ ஆங்கிலத்திற்குச் சென்று, மீண்டும் நம் கடைத்தெருவிற்கே வந்து சேர்ந்தது.

‘தி’ என்பதன் வரலாறு இன்னும் எளியது. பழைய ஆங்கிலத்தில் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என்னும் மூன்றுக்கும் தனித்தனிச் சுட்டுச்சொற்கள் இருந்தன. அவை வேற்றுமைதோறும் உருமாறின. பின்னர் அவ்வேறுபாடுகள் அனைத்தும் தேய்ந்து ‘தி’ என்னும் ஒரே சொல்லாக முடிந்தன. அவற்றுள் பொதுப்பாற் சொல் மட்டும் ‘தட்’ எனப் பிரிந்து நின்று, ‘அது’ என்னும் பொருளை இன்றும் தருகிறது. எனவே ‘தி’யும் ‘தட்’டும் உடன்பிறப்புகள்.

இனி ‘எ’ எங்கே, ‘ஆன்’ எங்கே என்னும் விதியைக் காண்போம். இங்கே தமிழ் மாணவர் ஆங்கில மாணவரினும் பேறு பெற்றவர். விதி எழுத்தைப் பற்றியது அன்று, ஒலியைப் பற்றியது. ஆங்கில எழுத்து ஒலியை மறைக்கும். தமிழ் எழுத்து அதனைக் காட்டிக் கொடுக்கும். ஐயமுள்ள சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘யூனிவர்சிட்டி’ என்பது ‘ய்’ என்னும் மெய்யொலியில் தொடங்குகிறது, ஆதலின் ‘எ’. மணியைக் குறிக்கும் ‘அவர்’ உயிரில் தொடங்குகிறது, ஆதலின் ‘ஆன்’. ‘எம்.ஏ.’ என்னும் பட்டம் எகரத்தில் தொடங்குகிறது, ஆதலின் ‘ஆன்’. இதற்கு ஒத்த முறை நம்மிடமும் உண்டு. ‘ஒரு’ என்பது உயிர் வரும்போது ‘ஓர்’ என நீளும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. ஒரு மரம், ஓர் ஆலமரம் என்று எழுதப் பழகியவர்க்கு ‘எ’, ‘ஆன்’ என்னும் வேறுபாடு புதிதாகத் தோன்றாது.

தமிழுக்கும் ஆர்ட்டிகிளுக்கும் உள்ள உறவைக் கூர்ந்து நோக்கும் வாய்ப்பு, ஐரோப்பிய அறிஞர்க்கு நம் நாட்டில் கிடைத்தது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்டிறீக்கு அடிகளார், ஆர்ட்டிகிள் உடைய போர்த்துக்கீசு மொழியில் தமிழிலக்கணம் எழுதினார். வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமோ இலத்தீனில் அமைந்தது. அது 1738-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தபோது ஆர்ட்டிகிளைப் பற்றிய கவலை அவருக்கு எழவில்லை; இரு மொழியிலும் அஃது இல்லையன்றோ? ஆனால், 1886-ஆம் ஆண்டில் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப், ‘எ’யா, ‘தி’யா, இரண்டும் வேண்டாவா என்று பெயர்ச்சொல்தோறும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் 1841-ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். இம்மொழிகளில் ‘ஒரு’ என்னும் எண்ணடை ஆர்ட்டிகிளின் தொழிலையும் ஓரளவு செய்கிறது என்பதை அவர் கவனித்துள்ளார். அதன்பின் ஓராண்டில், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆங்கிலத் தேர்வு அரசுப் பணிக்கு வாயிலாயிற்று. ஒரு சிறுசொல்லைத் தவறவிட்டவரை அறிவில் குறைந்தவராக எண்ணும் வழக்கமும் நம்மிடையே வேரூன்றியது. அவ்வெண்ணம் அடியோடு தவறு என்பதே என் கருத்து.

ஏனெனில், ‘எ’, ‘தி’ என்பன செய்யும் வேலையைத் தமிழர் பிள்ளைப் பருவத்திலேயே அறிவர். பாட்டி கதை சொல்லுகிறாள்: “ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள்.” முதலிற் கூறும்போது ‘ஒரு’, மீண்டும் கூறும்போது ‘அந்த’. ‘எ கிங்’, ‘தி கிங்’ என்னும் முறை இதுவே அன்றோ? ஆங்கிலேயர் எந்த இரு சொற்களிலிருந்து ஆர்ட்டிகிளை உருவாக்கினரோ, அதே இரு சொற்களைப் பாட்டியும் எடுத்தாள்கிறாள்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. “தண்ணீர் குடித்தான்” என்றால் ஏதோ சிறிது தண்ணீர். ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் வேண்டா. “தண்ணீரைக் குடித்தான்” என்றால் முன்னரே பேசப்பட்ட தண்ணீர். ஆங்கிலத்தில் ‘தி’ வேண்டும். “மரம் வெட்டினான்”, “மரத்தை வெட்டினான்” என்பனவும் அவ்வாறே. ‘தி’ உணர்த்தும் பொருளை நம் மொழி, அஃறிணைப் பெயர்களில், ஐ என்னும் ஓரெழுத்து உருபினால் உணர்த்திவிடுகிறது. “ஒரு மரத்தை வெட்டினான்” என்பதுபோல ‘ஒரு’ உடன்வரின் ‘எ’ வரும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது எனினும், ஐயுற்று நிற்கும் மாணவர்க்கு நல்ல வழிகாட்டி.

ஆங்கிலத்தைத் தமிழின் வழியே அறிவது நன்று. தமிழை ஆங்கிலத்தின் வழியே வளைப்பது தீது. “அவர் ஆசிரியர்” என்பதே தமிழ். “அவர் ஒரு ஆசிரியர்” என்று வேண்டாத இடத்திலும் எழுதுவது ‘எ’ என்பதன் நிழல். “மன்னன் ஒருவன்”, “மரம் ஒன்று” என்று பெயருக்குப் பின் எண்ணை அமைக்கும் அழகிய மரபும் நம் எழுத்தில் அருகி வருகிறது.

பாரதியார் இங்கே நினைவுக்கு வருகின்றார். அவர் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் கடையம். 1918-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலை பெற்ற கவிஞர், 1920 வரை இவ்வூரில் வாழ்ந்தார். நெல்லையில் ஆங்கிலக் கல்வி பயின்ற நாள்களைத் தம் சுயசரிதைப் பாட்டில் அவர் கசந்து பாடியுள்ளார். எனினும் ஆங்கிலத்தை அவர் துறக்கவில்லை. 1904-ஆம் ஆண்டில் சுதேசமித்திரனில் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினார். ஆங்கிலத்திலேயே கட்டுரைகளும் எழுதினார். தன் மொழியில் ஊன்றி நின்று பிறமொழியைக் கையாள இயலும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மாணவர்களே! ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றை எழுதுமுன் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். கேட்பவர் இதனை முன்னரே அறிவாரா? அறியாராயின், இஃது எண்ணத்தக்க ஒரு பொருளா? அங்ஙனமாயின், சொல் உயிரொலியில் தொடங்குகிறதா? இக்கேள்விகளுக்கு விடை கூறும் அறிவைத் தமிழ் உங்களுக்கு முன்பே தந்திருக்கிறது. எஞ்சிய வழக்குகளை நல்ல நூல்களைப் படித்துப் படித்துச் செவிக்குப் பழக்கிக் கொள்ளுங்கள். மூன்று சிறுசொற்களும் உங்களுக்கு ஏவல் செய்யும்.