மும்மடி உடையாரின் சீட்டுக்கட்டு: முன்னை ஆட்டங்களோடு ஓர் ஒப்பீடு

ஓர் ஆட்டம் தன் முன்னோடிகளைவிட மேம்பட்டதா என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே முதற் பிரமாணமாகக் கொள்கின்றனர். 1996-இல் ஜப்பானில் 151 விசித்திரப் பிராணிகளோடு தொடங்கிய போக்கிமான் என்னும் கையடக்க ஆட்டம், பதிப்புக்குப் பதிப்பு பிராணிகளைப் பெருக்கிக்கொண்டே வந்தது. 2019-இல் வெளிவந்த பதிப்பில் பழைய பிராணிகள் அனைத்துக்கும் இடமில்லை என்று ஆக்கியோர் அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். இவ்வழக்கு நம் காலத்துப் பிள்ளைகளுக்கே உரியதென்று எண்ணுவோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மைசூர் அரண்மனையில், உள்ளங்கையில் அடங்கும் வட்டச் சீட்டுகளைக் கொண்டு இதே பிரச்சினை எழுந்திருந்ததை அறிந்தால் வியப்புறுவர். அச்சீட்டுகளின் பெயர் கஞ்சிபா. அவற்றைப் பெருக்கியவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868).

கஞ்சிபாவின் வமிசாவளி நேர்கோடாக வளர்ந்ததன்று. பாபர் 1527-இல் சிந்து நாட்டு ஷா உசேனுக்கு இச்சீட்டுகளை அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அபுல் பசல் இயற்றிய ஐன்-இ-அக்பரி பன்னிரண்டு இனமும் 144 சீட்டும் கொண்ட ஒரு கட்டை வருணிக்கிறது. அதில் அசுவபதி, கஜபதி முதலானோரோடு அசுரர்க்கும் காட்டு விலங்குகளுக்கும் பாம்புகளுக்கும் தனித்தனி அதிபதிகள் உண்டு. எனினும் முகலாயக் கஞ்சிபா என்று பொதுவழக்கில் நிலைத்தது இதுவன்று. கிரீடம், வாள், யாழ், பொற்காசு போன்ற எட்டு இனங்களும் 96 சீட்டுகளும் உடைய சிறிய கட்டே நிலைத்தது. பின்னர் மீனையும் ஆமையையும் பன்றியையும் நரசிங்கத்தையும் மீண்டும் சீட்டில் ஏற்றிய தசாவதாரக் கஞ்சிபாகூட, பத்து இனம், 120 சீட்டு என்ற அளவோடு நின்றுகொண்டது. சேர்த்தலைப் போலவே கழித்தலும் இம்மரபின் இயல்பு என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

இந்த அளவுக்குள் எத்துணை ஆழம் அடைபட்டிருக்கிறது என்பதற்கு ஒரே விதியைச் சொன்னால் போதும். ஒவ்வோர் இனத்திலும் அரசன், மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள் என 12 சீட்டுகள். பாதி இனங்களில் மந்திரிக்கு அடுத்து உயர்ந்தது பத்து; மறுபாதியில் ஒன்றே உயர்ந்தது, பத்தோ கடைசி. துருப்பு என்பதே கிடையாது. ஆகவே மூவர் அமர்ந்து ஆளுக்கு 40 சீட்டு பிடித்து ஆடும்போது, எது விழுந்தது, எது எவர் கையில் ஒளிந்திருக்கிறது என்பதோடு, எந்த இனத்தில் சிறியது பெரிதாகிறது என்பதையும் கணந்தோறும் நினைவில் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். சாவந்தவாடிப் பக்கத்து வழக்கில் பகலாட்டத்தை இராமனும் இரவாட்டத்தைக் கிருஷ்ணனும் தொடங்கிவைப்பார்கள். ஒரு சீட்டும் புதிதாகச் சேர்க்காமல், விதியின் ஒரு திருப்பத்தாலேயே ஆட்டத்தை இருமடங்கு நுட்பமாக்கிய அந்தப் பெயரறியா அறிவாளியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மும்மடியார் வேறு வழி சென்றார். தெய்வ வடிவங்களையும் அவற்றின் இலக்கணங்களையும் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருங்கிரந்தத்தின் ஒன்பது நிதிகளில் இறுதியானது கௌதுகநிதி. இலை என்று பொருள்படும் ‘சத’ என்ற வடசொல்லால் பெயரிட்டு, அவர் வகுத்த சீட்டாட்டங்கள் இங்கேதான் விவரிக்கப்படுகின்றன. பொதுவாக ஓர் இனத்துக்கு எண் சீட்டு பன்னிரண்டு, உருவச் சீட்டு ஆறு. இனங்கள் பதினெட்டு வரை பெருகின. நிலையான துருப்புகளும், நாம் ரம்மியில் ஜோக்கர் என்கிறோமே அத்தகைய சீட்டுகளும் நுழைந்தன. சாமுண்டேசுவரி சதத்தில் 320 சீட்டுகள். எல்லாவற்றிலும் பெரிய கட்டில் 360.

அவற்றின் சித்திர அழகை மறுப்பது பாவம். துணியைப் புளியங்கொட்டைப் பசையிட்டு விறைக்கச் செய்து, வட்டமாக வெட்டி, அரக்குப் பூசி மெருகேற்றி, ஒரு சாணுக்கும் மிகக் குறைந்த அந்த வட்டத்திற்குள் ஓர் அணில்மயிர்த் தூரிகையால் தேவியின் கைகளையும் ஒவ்வொரு கையின் ஆயுதத்தையும் பிழையின்றி எழுதுவதென்றால், அது தியான சுலோகத்தையே வர்ணத்தில் பாராயணம் செய்வதாகும். இவ்வகையில் மைசூர்ச் சீட்டு தன் முன்னோர் அனைவரையும் வென்றது என்பதே என் துணிபு.

ஆனால் ஆட்டம் என்ற வகையில்? 360 சீட்டை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 120 விழும். அதாவது தசாவதாரக் கட்டு முழுவதையும் ஒருவர் ஒரே கையில் விரித்துப் பிடிக்கவேண்டும். விரல்கள் இடங்கொடா. விரல்கள் இடங்கொடுத்தாலும் நினைவு இடங்கொடாது. நினைவு இடங்கொடாத இடத்தில் ஆட்டக்காரன் சூதாடியாகி அதிர்ஷ்டத்தை நம்புகிறான். ஜோக்கரும் நிலைத்துருப்பும் அந்த அதிர்ஷ்டத்துக்கே துணைபோகின்றன. இவ்வாட்டங்கள் அரண்மனைக்கு வெளியே பரவாமற் போனதற்கு அச்சிட்ட 52 சீட்டுக் கட்டின் மலிவு ஒரு காரணமென்பது உண்மைதான். அம்மலிவு எல்லாக் கஞ்சிபாக்களையும் ஒருங்கே தாக்கிற்று. எனினும் தசாவதாரம் தெருவிலும் திண்ணையிலும் ஆடப்பட்டபின் வீழ்ந்தது. மைசூர்ச் சதங்கள் திண்ணைக்கு வரவே இல்லை.

1831-இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைப் பறித்துக்கொண்டபின், கையில் அதிகாரமின்றி அமர்ந்திருந்த அரசர், இழந்த உலகத்தின் தெய்வங்களையேனும் குறைவறத் திரட்டிவைக்க விரும்பினார் என்றும், ஆதலின் இதை ஆட்டமாகக் கருதாமல் தொகைநூலாகவே கருதவேண்டும் என்றும் ஒரு கட்சி உண்டு. மனத்தை உருக்கும் இக்கட்சியை நான் பாதியளவே ஏற்கிறேன். தொகுப்பதே நோக்கமாயின் கிரந்தமே போதுமே. துருப்பையும் பிடியையும் பற்றி விதி வகுத்தவர் ஆடுவோரை எதிர்பார்த்தே வகுத்தார்.

சிக்கனத்தின் வலிமையை அவர் அறியாதவரும் அல்லர். சதுரங்கப் பலகையில் தனிக் குதிரை ஒன்றை, மிதித்த கட்டத்தை மீண்டும் மிதியாமல் 64 கட்டங்களிலும் செலுத்தி, அது சென்ற வரிசையில் கட்டங்களுக்கு எண்ணிட்டால் கிடைவரிசை ஒவ்வொன்றும் நெடுவரிசை ஒவ்வொன்றும் 260 என்றே கூடும்படி அமைத்தவரும் இதே மும்மடி கிருஷ்ணராஜர்தாம். அங்கே அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு குதிரை.